ஏழு வரை எண்ணினேன்

மூன்று. சுவர் அதிர்கிறது. நான்கு. மேலேயிருந்து காரை உதிர்கிறது. மாடிப்படிக்கு அடியில் பதினோரு பேர் குந்தியிருக்கிறோம். சனிக்கிழமை தொடங்கிய சண்டை. இன்று வியாழன். காலை மணி எட்டு பத்து. ஐந்து. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். நான் அழவில்லை. எனக்கு வேலை இருக்கிறது. எண்ணுகிறேன்.

இடம் சூடான் நாட்டின் தலைநகர். நோன்பு மாதத்தின் கடைசி நாட்கள். நாடு யாருக்கு என்று இரண்டு தளபதிகளுக்குள் சண்டை. இரண்டு பேர் முகத்தையும் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஊர் மதுரைப் பக்கம் திருவாதவூர். சூடானில் ஒரு கிரானைட் அறுக்கும் பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தேன். கூட வந்தவன் சோணைமுத்து. பக்கத்துத் தெரு. அவனை நான் மாப்ள என்பேன். அவன் மனைவி பாண்டியம்மாள் என்னை அண்ணே என்பாள்.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஊர்ப்பக்கக் கல் குவாரியில் இருந்தோம். அவன் பாறையில் குழி போடுவான். நான் வெடி எண்ணுவேன். அது ஒரு தனி வேலை. ஏழு குழிக்கு மருந்து வைத்துத் திரி பற்றவைத்தால் ஏழு சத்தம் கேட்க வேண்டும். ஆறுதான் கேட்டது என்றால் ஒன்று உள்ளே வெடிக்காமல் கிடக்கிறது. ஒருத்தரும் பாறைப் பக்கம் போகக்கூடாது. ஏழும் கேட்டால் நான் குரல் கொடுப்பேன். அதுவரை யாரும் தலையை வெளியே நீட்டமாட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு ஆளுக்கும் கீறல் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

குவாரியை மூடினார்கள். வெளிநாடு போனோம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீரங்கி. திங்கள் காலை ஏழு குண்டு. பிறகு ஒரு மணி நேரம் அமைதி. செவ்வாயும் ஏழு. புதனும் ஏழு. குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. எதிரே மசூதியில் ஒரு அடிபம்பு. அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஓடிப்போய்ப் பிடித்து வருவோம். நான் எண்ணுவேன். ஏழானதும் குரல் கொடுப்பேன். எங்களோடு இருந்த பீகார்க்காரர்கள்கூட என் தமிழ்க் குரலுக்குக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.

வியாழன். ஆறு. ஏழு. புழுதி அடங்குகிறது. ஒரு நாய் குரைக்கிறது. நான் கத்துகிறேன்.

"முடிஞ்சிருச்சு, வாங்கப்பா."

சோணைமுத்து இரண்டு கேனையும் எடுத்துவிட்டான். "மச்சான், நீ இரு. நான் போயிட்டு வாரேன்" என்றான். தெருவில் இறங்கினான். கேன் சுவரில் இடிக்கிற சத்தம் கேட்டது. அடுத்து எட்டு.

குவாரியில் ஒன்று குறையலாம். ஒன்று அதிகமாகக் கேட்காது. கூடுவதற்கு அங்கே குழி கிடையாது. குறைந்தால் பயப்பட வேண்டும் என்றுதான் எனக்குத் தெரியும். கூடும் என்று புத்தியில் ஏறவே இல்லை. சுடுகிறவனிடம் எத்தனை இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நானாகவே முடிவு கட்டினேன்.

ஆஸ்பத்திரி மூடிக் கிடந்தது. மசூதியைப் பார்த்துக்கொண்ட பெரியவர் மண்வெட்டி கொடுத்தார். மசூதிக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதற்குக் கிழக்கே பத்தடியில் அடக்கம் செய்தோம். அந்த மரத்தைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ். பிறகு செங்கடலில் கப்பல். பிறகு விமானம். நம் அரசாங்க ஆட்கள் பெயர் வாசித்து ஏற்றினார்கள். சோணைமுத்து பெயரையும் வாசித்தார்கள். செத்துப்போனான் என்று சொன்னேன். அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டார்கள். இன்றுவரை அதுதான் அவனைப் பற்றிய அரசாங்கத் தகவல்.

இப்போது மதுரை தல்லாகுளம். ஓர் அரசு அலுவலகம். திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். பாண்டியம்மாளோடு இங்கே வருவது எத்தனையாவது தடவை என்று தெரியாது. எண்ணுவதை விட்டுவிட்டேன். அவளுக்கு வேண்டியது இறப்புச் சான்றிதழ். அது வராமல் காரியம் செய்ய விடமாட்டேன் என்று மாமனார் பிடிவாதம். "பாடியும் இல்ல, பேப்பரும் இல்ல. எதை நம்பி எம்மகனுக்குத் தண்ணி எறைக்க?" என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. பாண்டியம்மாள் காலையில் பொட்டு வைத்துக்கொள்கிறாள். மதியம் அழித்துவிடுகிறாள். மறுநாளும் அப்படியே.

அதிகாரி தன்மையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார். "அந்த நாட்டு கவர்மெண்ட்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்தாப் போதும்மா."

"எந்த கவர்மெண்ட் சார்?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "நேர்ல பார்த்தவர் நீங்கதான. எப்படி நடந்துச்சுன்னு எழுதிக் கொடுங்க. மேல அனுப்பி வைக்கிறேன். ஏத்துக்குவாங்களான்னு சொல்ல முடியாது."

எழுதினேன். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செத்தான் என்றுதான் அதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அன்று மிச்சத்தையும் எழுதினேன். ஏழு எண்ணியதை. குரல் கொடுத்ததை. அதைக் கேட்டுத்தான் அவன் இறங்கினான் என்பதை. வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போடும் முன் தாளைப் பாண்டியம்மாளிடம் கொடுத்தேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரியாத்தானண்ணே எண்ணியிருக்கீக" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தாள் மேலே போனது. பதில் இல்லை. அங்கே சண்டை நிற்கவில்லை. மசூதி இருக்கிறதா, வேப்பமரம் இருக்கிறதா, தெரியாது. பெரியவருக்குப் போன் போட்டால் மணி அடிப்பதே இல்லை. என்னால் செய்ய முடிந்தது வேறொன்றும் இல்லை.

மாடிப்படிக்கு அடியில் இருந்தவர்கள் பதினோரு பேர். கப்பலேறியவர்கள் பத்து. தண்ணீர்க் கேன் இரண்டு. ஒன்று கிழிந்து கிடந்தது, ஒன்று கிடைக்கவே இல்லை. அவன் போட்டிருந்ததில் மிஞ்சியது இடது கால் செருப்பு. அவன் பாஸ்போர்ட் இருந்த சட்டை ஒன்று. எந்த நாட்டுப் பட்டியலிலும் சோணைமுத்து இறந்தவனாக இல்லை. அதனால் நானே எண்ணுகிறேன். ஒன்று.