வெயிலில் மூடிய நெல்

பூர்ணிமா: ...நான் சொல்றது காதுல விழுதா இல்லையா? ரோட்டுல நிக்காதீங்க. எதிர்ல ஜெகபர் பாய் கோழிக்கடைக்குள்ள போயி ஷட்டரை இழுத்து விட்டுக்குங்க.

அமிர்தலிங்கம்: சொந்த வீடு இங்க இருக்கு. கட்டுன பொண்டாட்டி ஜன்னல்ல நின்னுக்கிட்டு என்னை எதிர்க் கடைக்கு விரட்டுறா. நல்லாருக்குடி நாயம். கதவைத் திற.

பூர்ணிமா: பூட்டு சிக்கிக்கிச்சுங்க. சாவி திரும்ப மாட்டேங்குது.

அமிர்தலிங்கம்: காலையிலதானே எண்ணெய் விட்டேன்?

பூர்ணிமா: அதான் சிக்கிடுச்சு போல. உங்க கை பட்டு எதுதான் உருப்பட்டுச்சு?

அமிர்தலிங்கம்: சரி, கொல்லைப்பக்கமா சுத்தி...

பூர்ணிமா: வேண்டாம்!

அமிர்தலிங்கம்: ஏன்டி இப்படி அலறுற?

பூர்ணிமா: இல்ல... அந்தச் சந்துலதான் கம்பும் கையுமா ஓடிக்கிட்டிருக்கானுங்க. மாட்டிக்கப் போறீங்க. நீங்க பாய் கடைக்குப் போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

அமிர்தலிங்கம்: ரோட்டுல காயப் போட்ட நெல்ல விட்டுட்டா? டிபிசிக்கு, கவர்மென்ட் கொள்முதலுக்குக் கொண்டுபோற நெல்லு. ஈரப்பதம் கொஞ்சம் கூடுனாலும் திருப்பி அனுப்பிடுவான்.

பூர்ணிமா: தெருவே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கெடக்குது. இவரு ஒரு ஆளு நெல்லுக்குக் காவல். அந்த நெல்லுக்கு ஒரு தாலியக் கட்டி அதோடவே குடும்பம் நடத்துங்க.

அமிர்தலிங்கம்: நீ பேசாம உள்ள போ. ...கொஞ்சம் பொறுத்துக்க. அசையாத.

பூர்ணிமா: யாரை அசையாதங்குறீங்க?

அமிர்தலிங்கம்: உன்னைத்தான்.

பூர்ணிமா: நான் எங்க அசைஞ்சேன்? கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஆமா, வெயில் மண்டையப் பொளக்குதே, இப்ப எதுக்குத் தார்ப்பாயப் போட்டு மூடுனீங்க? காயப் போட்டதே இந்த வெயிலுக்குத்தானே?

அமிர்தலிங்கம்: மழை வரும்.

பூர்ணிமா: எந்த ஊர்ல?

அமிர்தலிங்கம்: வரும்னா வரும்டி. ஐப்பசியில சொல்லிக்கிட்டா வரும்? அதை விடு. நம்ம வெண்ணாறு நகர்ல பைக் சத்தம் கேட்டாக்கூட அதிசயமா எட்டிப் பாப்போம். இங்க போயி இப்படி ஒரு கூத்து. எதுக்காம் சண்டை? குரூப்புல ஏதாவது போட்டிருக்கானா?

பூர்ணிமா: ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கபடிப் போட்டி பேனர்ல மேலத்தெருப் பையன் ஒருத்தன் போட்டோவ விட்டுட்டாங்களாம். அதான்னு ஒருத்தர். இல்ல, பைக் உரசிடுச்சுன்னு ஒருத்தர். ஏதோ பொண்ணு விஷயம்னு இன்னொருத்தர். யாருக்கு யாரு சண்டைன்னே தெரியல. அடிச்சவனும் அடி வாங்குனவனும் நேத்து வரைக்கும் ஒரே டீமாம்.

அமிர்தலிங்கம்: போட்டோவுக்கா அருவாளத் தூக்குறானுங்க?

பூர்ணிமா: அருவாளா? அருவாள்னு உங்களுக்கு யாரு சொன்னா?

அமிர்தலிங்கம்: ...இல்ல, பேசிக்கிட்டாங்க. பாப்பா எங்க?

பூர்ணிமா: தூங்குது.

அமிர்தலிங்கம்: இந்தச் சத்தத்துலயா? தனியாப் படுக்க வைக்காத. கண்ணு முழிச்சா பயந்துக்கும்.

பூர்ணிமா: தனியா இல்ல.

அமிர்தலிங்கம்: உள்ள யாரு இருமுறது?

பூர்ணிமா: டிவிங்க.

அமிர்தலிங்கம்: கரண்டுதான் அப்பவே போயிடுச்சே.

பூர்ணிமா: செல்லுலங்க... செல்லுல சீரியல் ஓடுது.

அமிர்தலிங்கம்: ஊரு பத்தி எரியுது, உனக்கு சீரியல் கேக்குது.

பூர்ணிமா: பயத்துக்கு ஏதாவது ஓடட்டும்னு விட்டேன். உங்களுக்கு நெல்லு, எனக்கு சீரியல். ஐயோ, பைக்கு வருதுங்க! இங்கதான் திரும்புறானுங்க. போயிடுங்க, போயிடுங்க!

அமிர்தலிங்கம்: நீ ஜன்னலைச் சாத்து.

பைக்கில் வந்தவன்: அண்ணே... வண்டிய நிறுத்துடா. அண்ணே, நீங்க அன்பரசனோட அக்கா வீட்டுக்காரர்தானே?

அமிர்தலிங்கம்: ஆமா. நீ யாருப்பா? மூஞ்சியில துணியக் கட்டிக்கிட்டு வந்தா எப்படித் தெரியும்?

பைக்கில் வந்தவன்: அதை விடுங்க. மேலத்தெரு ராஜ்குமாரு இந்தப் பக்கம் ஓடியாந்தானா?

அமிர்தலிங்கம்: எந்த ராஜ்குமாரு?

பைக்கில் வந்தவன்: மோட்டாருக்குக் காயில் கட்டுவானே.

அமிர்தலிங்கம்: அவனா? கூப்புட்ட அன்னைக்கே என்னைக்குப்பா வந்திருக்கான் அவன்? இன்னிக்குக் கூப்புடாம வர்றதுக்கு?

பைக்கில் வந்தவன்: வெளையாடாதீங்கண்ணே. ரத்தம் இங்க வரைக்கும் சொட்டியிருக்கு. இதோ பாருங்க.

அமிர்தலிங்கம்: அது... அது வந்து...

ஜெகபர் அலி: கோழி ரத்தம் தம்பி.

பைக்கில் வந்தவன்: நீங்க சும்மா இருங்க பாய்.

ஜெகபர் அலி: என் கடைக் கோழி, நான் சொல்லாம யாரு சொல்லுவா? அறுக்கறப்ப வெளியில டமால்னு சத்தம். கை நழுவிடுச்சு. அறுபட்ட கோழி ரோட்டைத் தாண்டி ஓடுது, நான் பின்னாடியே ஓடுறேன். நீங்க பாத்திருந்தா சிரிச்சிருப்பீங்க. தள்ளுங்க, கால எடுங்க... தண்ணி ஊத்திக் கழுவி விட்டுடுறேன்.

பைக்கில் வந்தவன்: ஏ ஏ... பேண்ட்டுல தெறிக்குது பாய்!

ஜெகபர் அலி: கோழித் தண்ணிதான். தொவைச்சாப் போயிடும்.

பைக்கில் வந்தவன்: இந்தத் தார்ப்பாய்க்குள்ள என்ன?

அமிர்தலிங்கம்: நெல்லு.

பைக்கில் வந்தவன்: வெயில்ல எதுக்கு மூடி வச்சிருக்கீங்க?

ஜெகபர் அலி: மழை வரும் தம்பி. எனக்குக் கூட மூட்டு வலிக்குது.

பைக்கில் வந்தவன்: ரெண்டு பெருசும் கிறுக்கு மாதிரி பேசுதுடா. அந்தக் கம்பக் குடு, குத்திப் பாப்போம்.

அமிர்தலிங்கம்: தம்பி, தம்பி! வாடகைத் தார்ப்பாய்ப்பா. கிழிஞ்சா நான் எங்க போவேன்? இந்தா, நானே ஓரத்தைத் தூக்கிக் காட்டுறேன். பாரு. நெல்லுதானே? அள்ளிப் பாரு.

பைக்கில் வந்தவன்: அந்த மூலையத் தூக்குங்க.

பூர்ணிமா: தம்பி! இங்க பாருப்பா. சின்னப் புள்ள உள்ள தூங்குது. வாசல்ல வந்து நின்னு இந்தக் கத்து கத்துனா என்ன அர்த்தம்? நீங்கள்லாம் அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?

பைக்கில் வந்தவன்: அக்கா, கோச்சுக்காதீங்க. அன்பரசன் வந்தான்னா போன எடுக்கச் சொல்லுங்க. அடிச்சா எடுக்க மாட்டேங்குறான்.

பூர்ணிமா: அவன் எங்க இங்க இருக்கான்? திருத்துறைப்பூண்டியில அறுவடை மிஷின் ஓட்டப் போயிட்டான், காலையிலயே.

பைக்கில் வந்தவன்: காலையிலயா? என்னக்கா சொல்றீங்க, இப்பத்தானே அவன்... இருடா வர்றேன்! போலீசா? எந்தப் பக்கம்? சரி சரி, வண்டியத் திருப்பு. வர்றோம்கா.

ஜெகபர் அலி: போயிட்டானுங்க. யா அல்லாஹ்...

அமிர்தலிங்கம்: எப்ப பாத்தீங்க பாய்?

ஜெகபர் அலி: ஷட்டர் சந்து வழியா. புள்ள விழுந்தான், நீங்க மேல தார்ப்பாய இழுத்தீங்க. மெதுவாப் பேசுங்க. எங்க வெட்டு?

அமிர்தலிங்கம்: தோள்பட்டையில. நல்லா இறங்கியிருக்கு. நெல்லெல்லாம் நனைஞ்சு போச்சு. 108க்கு அடிச்சேன். பாலத்துல மரத்தைப் போட்டு மறிச்சிட்டானுங்களாம்.

ஜெகபர் அலி: என் கோழி வண்டி பின்னாடி நிக்குது. கூண்டுக்கு நடுவுல படுக்க வச்சு, வயக்காட்டு ரோட்டுல மன்னார்குடி போயிடலாம். எவனும் மூக்கப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாக்க மாட்டான். ஆனா ரத்தம் நிக்கணுமே. நான் வண்டியக் கொண்டாறதுக்குள்ள உள்ள தூக்கிட்டுப் போயி ஒரு கட்டுப் போடுங்க.

அமிர்தலிங்கம்: உள்ளதான் விட மாட்டேங்குறாளே, பாய்.

பூர்ணிமா: அங்க ரெண்டு பேரும் என்ன குசுகுசுங்குறீங்க? போலீஸ் வந்திடுச்சா? யாரையாவது புடிச்சிட்டாங்களா? ஏங்க, யாரையாவது புடிச்சாங்களா?

அமிர்தலிங்கம்: போங்க பாய், வண்டிய எடுங்க. பூர்ணி, ஒரு பழைய சேலை குடு. நூல் சேலையா.

பூர்ணிமா: எதுக்கு?

அமிர்தலிங்கம்: தார்ப்பாய் ஓரத்தைக் கட்ட.

பூர்ணிமா: தார்ப்பாயக் கட்ட யாராவது நூல் சேலை கேப்பாங்களா? கயிறு தர்றேன்.

அமிர்தலிங்கம்: கயிறு வேண்டாம். தண்ணி ஒரு சொம்பு குடு.

பூர்ணிமா: நெல்லுக்குத் தண்ணியா? உங்களுக்கு என்னங்க ஆச்சு? வெயில்ல நின்னு... கிட்ட வாங்க. கையக் காட்டுங்க. இன்னொரு கை. அந்தக் கைய ஏன் பின்னாடி வச்சிருக்கீங்க? ஐயோ! ரத்தம்!

அமிர்தலிங்கம்: என்னுது இல்லடி. கத்தாத.

பூர்ணிமா: யாருது அப்ப?

அமிர்தலிங்கம்: நெல்லுக்குள்ள ராஜ்குமாரு கெடக்கான். வெட்டுப்பட்டு ஓடியாந்து நம்ம வாசல்ல விழுந்தான். அதான் மூடுனேன். உன்கிட்ட சொன்னா பயந்து கத்துவியோன்னுதான்...

பூர்ணிமா: உசுரோட இருக்கானா?

அமிர்தலிங்கம்: இருக்கான்.

பூர்ணிமா: நெசமாவா? பேசுறானா?

அமிர்தலிங்கம்: தண்ணி கேக்குறான்.

பூர்ணிமா: மாரியாத்தா... தாயே... நீ இருக்கடி ஆத்தா...

அமிர்தலிங்கம்: என்னடி இது, அழுவுறியா சிரிக்கிறியா?

பூர்ணிமா: உசுரோட இருக்கான்னு இன்னொரு வாட்டி சொல்லுங்க. சத்தமா.

அமிர்தலிங்கம்: ரோட்டுல நின்னுக்கிட்டுச் சத்தமாவா? உனக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கு.

பூர்ணிமா: ஜன்னலுக்குள்ள கேக்குற மாதிரி சொன்னாப் போதும். சொல்லுங்களேன்!

அமிர்தலிங்கம்: உசுரோட இருக்கான். போதுமா? இப்படியே பேசிக்கிட்டிருந்தா இருக்க மாட்டான். கதவைத் திற. உள்ள வச்சு ஒரு கட்டுப் போட்டா பாய் வண்டியில ஏத்திடலாம்.

பூர்ணிமா: முடியாதுங்க.

அமிர்தலிங்கம்: பூட்டை உடைச்சுக்கிட்டு வர்றேன், தள்ளு.

பூர்ணிமா: பூட்டுல ஒண்ணுமில்ல. நான்தான் திறக்கல.

அமிர்தலிங்கம்: என்னது?

பூர்ணிமா: திறக்க மாட்டேன். என்னை என்ன வேணா திட்டிக்குங்க.

அமிர்தலிங்கம்: நீயாடி இது? போன வாரம் மோட்டார மாட்டிட்டு வந்தவனுக்கு, கூடக் கொஞ்சம் மீன் குழம்பு ஊத்திக்கப்பான்னு பரிமாறினியே, அதே பையன்டி. அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானே. நம்ம குடும்பம் நல்லா இருந்தாப் போதுமா? நாளைக்கு உன் தம்பி இப்படி ஒருத்தர் வாசல்ல போயி விழுந்தான்னா? திருத்துறைப்பூண்டியில அவன் பத்திரமா இருக்கான், சந்தோஷம். இவன் நம்ம வாசல்லயே சாவணுமா?

பூர்ணிமா: அப்படிச் சொல்லாதீங்க.

அமிர்தலிங்கம்: வேற எப்படிச் சொல்ல? சொன்னாக் கேக்குற மாதிரியா இருக்க நீ? எவன்டா வெட்டுனான்னு கேட்டேன், வாயத் திறக்க மாட்டேங்குறான். கேக்கக் கேக்க என் மூஞ்சியவே பாத்துப் பாத்து அழுவுறான். ஒண்ணுமே புரியல எனக்கு. அங்க அவன் அழுவுறான், இங்க நீ அழுவுற...

பூர்ணிமா: உங்ககிட்ட எப்படிங்க சொல்லுவான்? இந்தாங்க, ரெண்டு சேலை இருக்கு. கம்பி வழியா இழுத்துக்குங்க. இறுக்கிக் கட்டுங்க. உங்க காலுல விழுறேன், அவனை எப்படியாவது ஆஸ்பத்திரியில சேத்துடுங்க. கதவை மட்டும் திறக்கச் சொல்லாதீங்க. வெட்டுன ஆளு உள்ளதான் உக்காந்திருக்கான்... என் தம்பி. கொல்லைப்பக்கமா ஓடியாந்தான். செத்துட்டானாக்கா, செத்துட்டானாக்கான்னு இவ்வளவு நேரமும் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தான். அருவாளக் கீழ வைடான்னா வைக்க மாட்டேங்குறான். பாப்பா அவன் மடியிலதான் தூங்குது.