பதினொண்ணாம் வகுப்புக்கு முப்பது நாள் வேலை

— வாட்டம் சரியாத்தான் இருக்குங்க. வேணும்னா ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பாருங்க, ஓடுதா இல்லையான்னு.

— ஓடும்ட்டி. நான் போட்ட தரையில தண்ணி ஓடாமலா போவும்? ஓடுததுதான் எனக்கு இடிக்கி. நீயே சொல்லு தேவமணி, பிள்ளைய உக்காந்து படிக்கிற ரூமுக்குத் தண்ணி ஓட வாட்டம் எதுக்கு? இருவத்தஞ்சு வருசமா கரண்டி பிடிக்கேன். வகுப்புக்குத் தரை போடணும்னா மட்டமாப் போடுன்னுதான் சொல்லுவாவ. இங்கன ஒரு சுவரு ஓரம் பூரா ஓடை விடச் சொல்லுதாவ.

— பரீட்சை ஹாலுன்னுதான பள்ளியோடத்து முதலாளி சொன்னாவ. கழுவி விடுததுக்கு வசதியா இருக்கும்னு நெனச்சிருப்பாவ. நமக்கு என்னத்துக்கு அந்த ஆராய்ச்சி? சாந்து இறுகுது, தேயுங்க.

— இறுகட்டும் சவம். ஒரு பீடி வலிச்சிட்டுத் தேய்க்கேன்.

— பள்ளியோடத்துக்குள்ள பீடியா? நல்லா இருக்கும். தலைமையாசிரியர் வந்தா ஒங்கள முட்டி போட வைப்பாவ.

— இந்த வயசுல போட்டா எந்திரிக்க முடியாதுட்டி. நம்ம டார்லின் பாத்தாத்தான் கேவலம்.

— அவ எங்க இங்கன வரப்போறா.

— அதான் சொல்லி வச்சிருக்கம்லா. இந்தத் திசைப் பக்கமே எட்டிப் பாக்கப்பிடாது. எதுத்தாப்புல வந்தாலும் அப்பான்னு கூப்பிடப்பிடாது. கூடப் படிக்கிறது பூரா கடைக்காரவிய பிள்ளைய, பேங்குல வேல பாக்கவிய பிள்ளைய. ஒருத்தி, 'ஒங்கப்பன் பீஸுக்குப் பதிலு சாந்து குழைக்கான்'னு சொல்லிட்டா போதும், எம்மவ சோறு திங்க மாட்டா. ஆனா சொன்ன சொல்லத் தட்டாத பிள்ளைட்டி. இருவத்திநாலு நாளு ஆச்சு, நிழலக்கூடக் காட்டலியே. நானும் மாடி ஜன்னலப் பாத்துப் பாத்து ஏமாந்துதான் போறேன்.

— சரி, மணியாசக் கட்டைய எடுத்துத் தேயுங்க. பேச்சுல பொழுது போவுது.

— இன்னும் ஆறு நாளு. ஆறு நாளு போச்சுன்னா ஒரு வருசப் பீஸு முடிஞ்சுது. ஒரு நாய் நம்ம வாசல்ல வந்து கேக்க முடியாது. ஆனாலும் ஒண்ணு எனக்கு வெளங்கல பாத்துக்க. போன வருசம் இங்கன அறுநூறு பிள்ளைய. இந்த வருசம் நானூறு தேறல. சரக்கு விக்காட்டா வெலையக் கொறைப்பான், அதான ஊருநடப்பு? முதலாளி பீஸக் கூட்டியில்லா வச்சிருக்காரு.

— நான் கேட்டேன் அவியட்ட. பிள்ளைய கொறஞ்சா கரண்டு பில்லு கொறையுமா, வேனுக்கு டீசல் கொறையுமான்னு கேட்டாவ. போனவிய பங்கையும் இருக்கவியதான் குடுக்கணுமாம்.

— ஓடுத பஸ்ஸுல பாதிச்சனம் எறங்கிட்டுன்னு, உக்காந்திருக்கவன்ட்ட ரெண்டு டிக்கெட்டு கேக்குத மாதிரி.

— அதுக்குத்தான் நாமளும் எறங்கிருவோம்னு சொன்னேன். கவர்மெண்டு ஸ்கூல்ல சேப்போம்னு பத்து முடிச்ச அன்னைக்கே சொன்னேன்.

— திரும்ப ஆரம்பிக்காத. நானூத்தி எழுவத்தியொண்ணு வாங்குனவ. எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீசுல படிச்சவளக் கொண்டுபோயி தமிழ்ல தள்ளச் சொல்லுதியா? கொத்தன் மவ கொத்தன் மவளாவே கெடக்கட்டும்னா?

— அன்னைக்கும் இதத்தான் சொன்னீய. நானும் வாய மூடிக்கிட்டேன்.

— வேற என்ன செய்யச் சொல்லுத? வெளிய வேலை இருந்தா நான் ஏன் இவருட்ட வந்து நிக்கேன்? மில்லுக்காரவிய கையில நாலு காசு நின்னாத்தான் வீட்டுக்கு மாடி எடுப்பாவ. துபாய்க்காரவிய பாதிச் சுவரோட நிறுத்திட்டு, செங்கல்ல மழைக்கு நனைய விட்டுருக்காவ. சித்திரையில இருந்து மொத்தம் பதினோரு நாளு வேல பாத்துருக்கேன். இவருதான் கூப்பிட்டு, ரெண்டு பேரும் முப்பது நாளு வாங்க, பீஸுக்குக் கழிச்சுக்கிடுதேன்னாரு. கோயில்ல முன் பெஞ்சுல உக்காருத மனுசன். 'கிருபைராஜு, ஒம்பிள்ளைக்கு நீயே வகுப்பு கட்டுதே, கர்த்தர் பாத்துக்கிட்டே இருக்காரு'ன்னு தோள்ல கை போட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

— அண்ணாச்சி, தரை ஈரமா? உள்ள வரலாமா?

— வாங்க டீச்சர். நடுவுல மிதிச்சிராதீய, பலகை மேல பைய நடந்து வாங்க. தேவமணி, அந்தப் பலகைய நவட்டிப் போடு.

— ஆபீஸ்ல இருந்து ஒரு செய்தி சொல்லணும். நான் பெர்சிஸ், பிளஸ் ஒன்னுக்கு கிளாஸ் டீச்சர். கிளார்க்கை நிப்பாட்டிட்டாங்க அண்ணாச்சி. இப்பம் காலையில கெமிஸ்ட்ரி நடத்துதேன், மத்தியானம் கிளார்க்கும் நான்தான்.

— ரெண்டுக்கும் சம்பளம் உண்டா டீச்சர்?

— ஒண்ணுக்கே மே மாசத்துல இருந்து பாதிதான். அத விடுங்க.

— டீச்சர், என்ன செய்தின்னு சொல்லிட்டு சட்டுன்னு போயிருங்க. ஈரத் தரையில நின்னா தடம் விழும்.

— இந்தா, சொல்லிருதேன் அம்மா. நீங்க கட்டுன மேடைய இன்னும் ஒரு அடி ஒசத்தணுமாம். இந்த ஓடை ஓரமா வரிசையா பன்னெண்டு வாஷ்பேசின். பின்பக்கத்துச் சுவத்துல ஏழடி அகலத்துக்கு வாசல் விடணுமாம், அண்டா உள்ள வாரதுக்கு.

— என்னது உள்ள வாரதுக்கு?

— அண்டா. சமையல் அண்டா.

— பரீட்சை எழுதுத ஹாலுக்குள்ள அண்டா எதுக்கு டீச்சர்? வினாத்தாள வேவிச்சா குடுக்கப் போறாவ?

— ஒங்கட்ட சொல்லலியா அண்ணாச்சி?

— என்னத்த?

— ஐயோ. நான் வாய விட்டுட்டேன். பைய பேசுங்க, முதலாளி ஆபீஸ்லதான் இருக்காங்க. நான் சொன்னதா வெளிய தெரியக் கூடாது. இது கல்யாண மண்டபம் அண்ணாச்சி. வர்ற ஏப்ரலோட ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் மூடுதாங்க. சின்னப் பிள்ளைங்க வகுப்பு மட்டும் இருக்குமாம், அதுவும் எத்தனை நாளைக்கோ. எங்களையெல்லாம் போன வாரம் கூப்பிட்டு, வேற இடம் பாத்துக்கிடுங்கன்னு சொல்லியாச்சு.

— மூடுதாவளா? அப்பம் இப்ப பதினொண்ணு படிக்கிற பிள்ளைய பன்னெண்டு எங்கன போய்ப் படிக்கும்?

— நடுவழியிலதான் நிக்கணும். பிள்ளைங்க வீட்டுல இன்னும் சொல்லல. சொன்னா ரெண்டாம் தவணை பீஸ் வராதுல்லா.

— கேட்டியாட்டி தேவமணி? அண்டா வருதாம். பந்தி நடக்கப் போற எடத்துல, கை கழுவுத தண்ணி ஓடுததுக்கு நான் வாட்டம் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். ஏலே கிருபைராஜு, ஒனக்கு நல்லா வேணும்லே. கையில கரண்டி இருக்கு, மண்டையில ஒண்ணும் இல்ல. அந்தக் கம்பிப்பாரைய எடு.

— எதுக்கு?

— எடுன்னு சொல்லுதேன். போட்ட கையால தரையப் பேத்து எடுக்கப் போறேன்.

— அண்ணாச்சி, வேண்டாம்.

— டீச்சர் சொல்லுதாவள்ளா. பேத்தா போலீஸு நம்மளத்தான் பிடிக்கும். அவருக்கு ஒரு மயிரும் வாடாது. உக்காருங்க. இந்தத் தண்ணியக் குடிங்க. டீச்சர், நீங்க கெளம்புங்க. நாங்க பேசிக்கிடுதோம்.

— போறேன் அம்மா. ஆனா அண்ணாச்சி ஏன் இம்புட்டு வேதனைப்படுதாங்க? மண்டபம்னாலும் கூலி கூலிதான?

— ஒண்ணுமில்ல டீச்சர். அவியளுக்கு வெயிலு. நீங்க போங்க.

— என்னட்டி ஒண்ணுமில்ல? இனி எதுக்கு மறைக்கணும், யாருக்கு மறைக்கணும்? கூலி கெடையாது டீச்சர். ஒரு பைசா கெடையாது. எம்மவ இங்கன, ஒங்க வகுப்புலதான் படிக்கா. பீஸுக்குப் பதிலாத்தான் நாங்க ரெண்டு பேரும் சொமக்கோம்.

— என் வகுப்புலயா? எனக்குத் தெரியாதே. ஆபீஸ்லயும் யாரும் சொல்லலியே.

— நான்தான் சொல்லப்பிடாதுன்னேன். அப்பன் கொத்தன்னு பள்ளியோடத்துல தெரியப்பிடாதுன்னு நான்தான் வாயடைச்சு வச்சேன். இப்பம் நான் கேக்குததுக்குப் பதிலு சொல்லுங்க டீச்சர். இன்னைக்குப் போனா கவர்மெண்டு ஸ்கூல்ல எடம் கெடைக்குமா?

— கெடைக்கும் அண்ணாச்சி. இன்னும் சேத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. இங்க இருந்து போன பிள்ளைங்களே பத்துப் பதினஞ்சு பேரு அங்கதான் இருக்காங்க. பிளஸ் ஒன்னுல இங்கிலீஷ் மீடியம் தனியா உண்டு. பீஸுன்னு ஒண்ணும் பெருசா கெடையாது. புத்தகம், சைக்கிள் எல்லாம் அவங்களே குடுத்துருவாங்க.

— இங்கிலீசு உண்டா? கவர்மெண்டுலயா?

— எத்தனையோ வருசமா இருக்கே. நீங்க போயி விசாரிக்கலியா?

— இல்ல டீச்சர்.

— ஒரு நாளு நடந்து போயிருந்தா...

— அந்த கேட்டுக்குள்ள காலு வச்சா தோத்தவன் ஆயிருவேன்னு நெனச்சேன் டீச்சர். வேற ஒண்ணுமில்ல. அவள எல்.கே.ஜி.யில சேத்த அன்னைக்கு, தெருவுல எங்க வீட்டுப் பிள்ளை மட்டும்தான் கழுத்துல டை கட்டிக்கிட்டுப் போச்சு. அத அவுக்க எனக்கு மனசு வரல. முதலாளி டி.சி. குடுப்பாரா?

— நீங்க பேசுன வேலை முடியாம குடுக்க மாட்டாங்க அண்ணாச்சி. எனக்கு அவங்களத் தெரியும். என்னோட சர்ட்டிபிகேட் எல்லாமே அவங்க பீரோவுலதான் இருக்கு.

— சரி. முடிச்சே குடுக்கேன். இன்னும் ஆறு நாளுதான. மேடை ஒரு அடி என்ன, ரெண்டடி ஒசத்தித் தாரேன். பிள்ளைய உள்ள வைக்கதுக்கு இருவத்திநாலு நாளு வேல பாத்தேன், வெளிய எடுக்கதுக்கு ஆறு நாளு பாக்க மாட்டனா? டீச்சர், எனக்காவ ஒரு உபகாரம் செய்யுங்க. மாடிக்குப் போயி அவளக் கீழ அனுப்புங்க. டி.சி.க்கு லெட்டரு எழுதணும், எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் போட வரும்.

— வேண்டாங்க. சாயங்காலம் வீட்டுல வச்சு எழுதிக்கிடலாம்.

— நீ சும்மா இருட்டி. டீச்சர், பையச் சொல்லாதீய, எல்லாப் பிள்ளைக்கும் கேக்குத மாதிரி சத்தமாவே சொல்லுங்க. கொத்தனார் ஒன்னக் கூப்பிடுதாரு, அவருதான் ஒங்கப்பான்னு சொல்லுங்க. டார்லின்னு பேரு.

— டார்லினா?

— டார்லின்தான் டீச்சர். பத்துல நானூத்தி எழுவத்தியொண்ணு வாங்குனால்லா.

— அண்ணாச்சி... டார்லின் பள்ளிக்கூடத்துக்கு வந்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சே.

— என்ன சொல்லுதீய? வேற டார்லினா இருக்கும்.

— என் வகுப்புல ஒரே டார்லின்தான். ஜூன்ல கொஞ்ச நாளு வந்தா, முன் வரிசையில உக்காருவா. அப்புறம் காணோம். இந்த வருசம் வாரத்துக்கு நாலு பேரு சொல்லாமலே நின்னுருதாங்க. யாரைத் தேட? ஆனா இவ நல்லாப் படிக்கிற பிள்ளையேன்னு நான் வீட்டுக்கு ஃபோன் போட்டேன் அண்ணாச்சி. ஒரு அம்மாதான் எடுத்தாங்க. அவளுக்கு வேற எடம் பாத்தாச்சு, இனிமே ஃபோன் போடாதீங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

— ஏட்டி.

— ம்.

— சாந்துச் சட்டியக் கீழ வையி.

— வச்சிட்டேன்.

— காலைல எந்திரிச்சு, ரெட்டைச் சடை பின்னி, யூனிபார்ம் மாட்டி அனுப்புதது நீதான?

— நான்தான்.

— எங்கன போறா?

— டீச்சர் நிக்காவ. வீட்டுக்குப் போயிப் பேசுவோம்.

— டீச்சரும் கேக்கட்டும். எம்மவ எங்கன போறா?

— நான் போகச் சொல்லல. அவளாத்தான் கேட்டா, நான் தடுக்கல. முப்பது நாளுதானம்மா, பீஸு முடிஞ்சதும் போயி வகுப்புல உக்காந்துருதேன், அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம்னா. நானும் அப்படியே முடிஞ்சிரும்னுதான் நெனச்சேன்.

— எங்கனன்னு கேக்கேன்.

— நாம ரெண்டு பேரும் இங்கன கூலியில்லாமக் கெடக்கோமே, ராத்திரி ஒங்க தட்டுல விழுத சோறு எங்கயிருந்து வருதுன்னு ஒரு நாளாவது கேட்டீயளா? ஆத்துக்கு அந்தப் பக்கம் செங்கச் சூளையில கல்லு சொமக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை கூலி வாங்கி, அந்தப் புஸ்தகப் பையிலதான் அரிசி கொண்டு வாரா.