பினாங்குக் கப்பலில் சாப்பிடும் விதம்

— சூப்பை முழுக்கக் குடிச்சிடாதை, லீலா. அதிலதான் நான் ஏமாந்தனான்.

— சூப்பிலயோ அக்கா?

— ஓமடி. கப்பலில முதல் கொண்டுவந்து வைக்கிறது அதுதான். பக்கத்தில பாணும் பட்டரும். வந்த பசிக்கு நான் எல்லாத்தையும் வழிச்சுச் சாப்பிட்டுப்போட்டு, இவ்வளவுதானாக்கும் எண்டு எழும்பிட்டன். உன்ர அத்தான் சீலைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்து இருத்தினார். "இரஞ்சிதம், இனித்தான் சாப்பாடே வரப்போகுது" எண்டார். மீன் வருது, கோழி வருது, புடிங் வருது, என்ர வயித்தில இடமில்லை. கலியாணம் முடிச்ச புதுசு. வெக்கத்தில அழுதுபோட்டன்.

— இந்தக் கதையை எனக்கு நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

— சொல்லுற மாதிரிக் கதையோ இது? நாளைக்கு நீ கப்பலேறப் போறாய், அதால சொல்லுறன்.

— நான் என்ன விருந்துக்கோ போறன்? பிள்ளையைக் கொண்டுபோய் மலாயாவில அத்தானிட்டைக் குடுத்துப்போட்டு, அடுத்த கப்பலில திரும்பி வரப்போறன். தைப்பொங்கலுக்கு உங்களோட இஞ்சை கண்டியில நிப்பன்.

— சரி, சரி. எண்டாலும் பினாங்கு போய்ச் சேருமட்டும் சாப்பிடத்தானே வேணும்? நீ பட்டினி கிடந்தாலும் காரியமில்லை, என்ர தவமணி பட்டினி கிடக்கக்கூடாது. மூண்டு வயசு இன்னும் நிரம்பேல்லை. அதால வடிவாக் கேள்.

— கேக்கிறன். நீங்கள் முதல் மூச்சு விடுங்கோ. தண்ணி எடுத்துத் தரட்டே?

— அங்கையே இரு! வாசல்படி தாண்டி வராதை. டொக்டர் எத்தினை தரம் சொல்லிப்போட்டார்? சயரோகக்காரியின்ர காத்தே படக்கூடாது. என்ர செம்பு இஞ்சை என்ர கைக்கெட்டத்தான் இருக்கு. அதை ஒருத்தரும் தொடவேண்டாம்.

— சரி, நான் படியிலயே இருக்கிறன். சொல்லுங்கோ.

— எங்கை விட்டனான்? ஆ, வேண்டாம் எண்ட சொல்லு. அதைக் கப்பலில வாய் தவறியும் சொல்லாதை.

— ஏன்?

— நாங்கள் எப்பிடி? சோறு போட வந்தா, "ஐயோ, வேண்டாம், காணும்" எண்டு கையை விரிச்சுப் பிடிப்பம். போடுறவையும் விடாயினம், சண்டை பிடிச்சுப் போடுவினம். பேந்து சந்தோசமாச் சாப்பிடுவம். நான் அந்தப் பழக்கத்தில கப்பலில பரிமாற வந்தவனுக்கும் "நோ, நோ" எண்டன். "வெரி குட், மேடம்" எண்டு சொல்லி, அவன் சாப்பாட்டுக் கோப்பையை அப்பிடியே தூக்கிக்கொண்டு போட்டான்!

— ஐயோ அக்கா!

— சிரி, சிரி. எனக்குப் பசியில கண் இருட்டுது. அடுத்த நாளும் அதே கூத்து. திரும்பக் கேக்கிற பழக்கம் அவங்களுக்கில்லையடி. வேணுமெண்டா வேணும், இல்லையெண்டா இல்லை. பதினொரு மணிக்கு மேல்தட்டில பேணியில ஒண்டு கொண்டு வருவாங்கள், கொத்தமல்லித் தண்ணி மாதிரி இருக்கும். அதைத் தொடாதை.

— அது என்ன?

— மாட்டிறைச்சி அவிச்ச தண்ணி. பசியில நான் ரெண்டு பேணி குடிச்சிட்டன். எங்கட ஐயாவுக்குச் சொல்லிப்போடாதை, திருநீறு பூசின கையால எனக்கு அடி விழும்.

— ஐயாவுக்கு இப்ப உங்களை அடிக்கத்தான் மனம் வருமோ? கச்சேரியில வேலை முடிஞ்சு வந்து, சப்பாத்தும் கழட்டாமல் உங்கட சன்னலடியிலதானே நிக்கிறார்.

— ம். அடிச்சாலும் பறவாயில்லை எண்டிருக்கு. ஆரும் தொட்டு எட்டு மாசம்.

— அக்கா...

— அழாதை. கேள். மத்தியானத்தில சோறும் கறியும் எண்டு ஒண்டு தருவான். கறி எண்டு நம்பாதை, மஞ்சள் தண்ணி. செல்லாயி தேசிக்காய் ஊறுகாய் போட்டு வைச்சிருக்கிறாள், அதைக் கையோட கொண்டு போ. பிள்ளைக்கு அந்தச் சோத்தில பாலும் சீனியும் விட்டுப் பிசைஞ்சு தீத்து. கதவுக்குக் கிட்ட உள்ள கதிரையாக் கேள். கப்பல் ஆடினா அவளுக்குச் சத்தி வரும், உடன வெளியில தூக்கிக்கொண்டு போகலாம்.

— அம்மா... பாப்பா சோத்தத் தொடவே மாட்டேங்குதுங்க. வாய இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருக்கு.

— பாத்தியோ லீலா? இவளைத்தான் நீ கப்பலில சாப்பிடப்பண்ண வேணும். செல்லாயி, அவளைச் சன்னல் பக்கமாத் தூக்கிக்கொண்டு வா. கொய்யா மரத்தடியில நில், அதுக்கு இஞ்சால வராதை.

— கூட்டியாந்தேன்மா. சின்னம்மா கையால குடுத்தாத்தான் வாங்குமாம்.

— போ லீலா, நீ போய்த் தீத்து. நான் இஞ்சையிருந்து சொல்லுறன்... தவமணி! குஞ்சு! இஞ்சை பார். இந்த வாய் ஆருக்கு? அப்பாவுக்கு. ஆ காட்டு.

— வாங்கிட்டாள் அக்கா!

— அடுத்தது கோச்சிக்கு. நாளைக்கு ஏறப்போற கோச்சிக்கு. பேராதனைச் சந்தியில நிண்டு "கூ" எண்டு கத்துமே, அதுக்குப் பசிக்குது. ஆ... அடுத்தது ஹந்தானை மலைக்கு. பெரிய மலை, பெரிய வாய் காட்டவேணும்!

— ரெண்டு வாய் ஒண்டா வாங்கிட்டாள். கோப்பையில சோறு முடியப்போகுது.

— நல்ல பிள்ளை. இன்னும் ஒண்டு... இன்னும்... செல்லாயி, தூக்கிக்கொண்டு போ! கெதியாப் போ! நான் இருமுறதை அவள் பாக்கக்கூடாது!

— அக்கா! அக்கா, ரத்தமோ?

— கொஞ்சம்தான். வராதை. படியில இரு எண்டனான். துடைச்சுப்போட்டன், பார், ஒண்டுமில்லை... பாத்தியோ, எவ்வளவு வடிவாச் சாப்பிட்டவள்?

— நீங்கள் இனிக் கதைக்கவேண்டாம். படுங்கோ.

— படுக்கத்தானே போறன். கடைசியா ஒண்டு, அதுதான் பெரிய விசயம். கப்பலில பிள்ளையளுக்கு வேற மேசை. பெரியாக்கள் சாப்பிட முதல் அவைக்கு மணியடிப்பினம். ஒரு வெள்ளைக்காரத் தாதி நிப்பாள். பெத்த தாயைத் தவிர ஆரையும் கிட்ட விடமாட்டாள். வருத்தம் வந்து நான் தவமணியோட இஞ்சை திரும்பி வரேக்க என்ர கண்ணால பாத்தனான். ஒரு பெட்டை தமையன்ர பிள்ளையோட வந்தவள். அவளை வெளியில நிக்கச் சொல்லிப்போட்டினம். கரண்டியைக் கண்டு அந்தப் பிள்ளை கத்தின கத்து! கொழும்பு வருமட்டும் அது பாலோடதான் கிடந்தது.

— அப்ப நான் என்ன செய்ய?

— நீதான் தாய் எண்டு சொல்லு.

— பொய் சொல்லச் சொல்லுறியளோ?

— பிள்ளை பட்டினி கிடக்கிறதிலும் பாக்கப் பொய் பெரிசோ உனக்கு?

— சண்முகநாதன் அண்ணையும் பெண்சாதியும் எங்களோட அதே கப்பலிலதானே வருகினம்? அவைக்குத் தெரியுமே, நான் சின்னம்மா எண்டு.

— அவைக்குச் சொல்லிப்போட்டன்.

— எப்ப?

— போன கிழமை பாக்க வந்தவையெல்லே, அப்ப. லீலா, சன்னல் கட்டில வெளிப்பக்கமா ஒரு கடுதாசிப் பொட்டலம் இருக்கு. அதை எடு.

— இது... உங்கட கலியாண மோதிரம்.

— கொதிதண்ணியில அவிச்சுத்தான் வைச்சிருக்கு. செல்லாயி ரெண்டு தரம் அவிச்சவள். பயப்பிடாமல் போடு. வெள்ளைக்காரிக்குத் தாலி விளங்காது, விரலைத்தான் பாப்பாள். எனக்கு அது இப்ப நிக்குதுமில்லை, நித்திரையில கழண்டு விழுது.

— கப்பலுக்கு மட்டும்தானே அக்கா?

— அளவா இருக்கோ?

— கப்பலுக்கு மட்டும்தானே எண்டு கேட்டனான்.

— அளவோ எண்டு முதல் சொல்லு.

— அளவாத்தான் இருக்கு.

— அப்ப பினாங்கில இறங்கேக்கயும் கழட்டாதை.

— என்ன கதைக்கிறியள்? விசரோ உங்களுக்கு?

— எனக்கு ஒரு விசருமில்லை. பொங்கலுக்கு நான் இருக்கமாட்டன், லீலா. ஐயாவிட்டை டொக்டர் முத்தத்தில நிண்டு சொன்னது எனக்குக் கேட்டது. உன்ர அத்தான் ஈப்போவில தனிய, கோச்சி வேலை, விடிய வெளிக்கிட்டா இருட்டித்தான் வருவார். பிள்ளையை ஆர் பாக்கிறது? நான் கண்ணை மூடி ஒரு வருசத்தில சனம் அவருக்கு ஒருத்தியைக் கட்டிவைக்கும். வாறவள் சோத்தை முன்னால வைச்சு, தின்னாட்டிக் கிட எண்டு விட்டிட்டுப் போவாள். எங்கட ஆக்களிலை நடக்காததோ இது? அக்காள் போனா தங்கச்சியைக் குடுக்கிறேல்லையோ?

— போன பிறகுதானே குடுப்பினம்! நீங்கள் உயிரோட இருக்கிறியள்! என்ர கண்ணுக்கு முன்னால இருக்கிறியள்!

— அதாலதான் இப்ப என்ர வாயால கேக்கிறன்.

— அத்தானுக்கு இது தெரியுமோ?

— பினாங்கில என்னைக் கப்பலேத்த வந்த இடத்தில சொன்னனான். முதல் கத்தினார். பேந்து அழுதார். மாட்டன் எண்டு மட்டும் சொல்லேல்லை.

— அப்ப ஊருலகத்துக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என்னை ஆரும் ஒரு சொல்லுக் கேட்டியளோ? நான் ஆடோ மாடோ, கயித்தைப் பிடிச்சுக் கப்பலில ஏத்த? எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. எனக்கெண்டு ஒரு...

— பாலேந்திரன் மாஸ்டரோ?

— ஆர்... ஆர் உங்களுக்குச் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. எட்டு மாசமாச் சன்னலுக்குப் பக்கத்தில கிடக்கிறன். கேற்றடியில ஆர் எவ்வளவு நேரம் நிண்டு கதைக்கினம் எண்டு எனக்குத் தெரியாதோ? நல்ல பெடியன். குடையை உனக்குப் பிடிச்சுப்போட்டு தான் மழையில நனைவான்.

— தெரிஞ்சுகொண்டுமோ கேக்கிறியள்?

— தெரிஞ்சபடியாத்தான் வாய் வரேல்லை. கேக்க ஏலாமல்தானே காலமை துவங்கிச் சூப்பையும் பாணையும் பற்றிக் கதைச்சுக்கொண்டு கிடக்கிறன்.

— என்னால ஏலாது அக்கா. பிள்ளையில எனக்கு உயிர். ஆனா இது ஏலாது. உங்கட மோதிரத்தோட, உங்கட வீட்டில, உங்கட... நான் மாட்டன்.

— சரி.

— கோவமோ?

— இல்லையடி. நான் கேட்டன், நீ மாட்டன் எண்டாய். உன்ர வாழ்க்கையை நான் எப்பிடித் தா எண்டு பறிக்கிறது? மோதிரத்தைச் சன்னல் கட்டில வை. கப்பலில வேறெதாவது சொல்லிச் சமாளி.

— அக்கா, என்னைப் பாருங்கோ. சுவர்ப்பக்கம் திரும்பாதேங்கோ.

— கண் எரியுது, வேறொண்டுமில்லை.

— அம்மா, பாப்பா அம்மா வேணும், அம்மா வேணும்னு அழுவுதுங்க. சமாதானமே ஆவ மாட்டேங்குது.

— என்ர குஞ்சு... திரும்பச் சன்னலடிக்குக் கொண்டு வா, செல்லாயி. இருமல் நிண்டிட்டுது. நான் கதைக்கிறன்.

— கொண்டாந்து காட்டத்தாம்மா போனேன். அது... எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க...

— சொல்லு, செல்லாயி.

— அது சன்னல் அம்மாவாம். அது வேணாமாம். சோறு ஊட்டுன அம்மா வேணுமாங்க.

— செல்லாயி! நீ போ உள்ளை! அக்கா, நான் சொல்லிக் குடுக்கேல்லை. சத்தியமாச் சொல்லிக் குடுக்கேல்லை! அவளுக்குக் காய்ச்சல் வந்த நேரம் ஒருக்கால் என்னை அம்மா எண்டவள். இல்லையம்மா, நான் சின்னம்மா எண்டு அப்பவே திருத்தினனான்.

— கேட்டனான். சுவருக்கு இங்கால படுத்திருந்து கேட்டனான். போ, லீலா, பிள்ளை அழுகுது. நாளைக்குக் கப்பலில அப்பிடிக் கூப்பிட்டா, நீ மாஸ்டரைக் கட்டினாலும் சரி, ஆரைக் கட்டினாலும் சரி, என்ர பிள்ளை சாப்பிட்டு முடியுமட்டும் திருத்தாதை.

— திருத்தேல்லை எண்டா... திருத்தேல்லை எண்டா, பேந்து எனக்குத் திருத்த மனம் வருமோ அக்கா? வளர்ந்து ஒருநாள், அந்தச் சன்னலில இருந்தது ஆர் எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?

— கண்டியில உனக்கொரு பெரியம்மா இருந்தவ, கப்பலில எப்பிடிச் சாப்பிடவேணும் எண்டு எங்களுக்கு அவதான் சொல்லித் தந்தவ எண்டு சொல்லு.