தாய்மாமன் வைத்த பெட்டி

பழைய வீடியோ கேம் பெட்டிக்குள் கம்ப்யூட்டர் கட்டும்போது பெரிய தலைவலி சூடுதான், சார். காற்றுப் போக வழி விடாவிட்டால் படம் பாதியிலேயே நின்றுவிடும். நான் கட்டியது நிற்காது. தென்காசியில் பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். வாக்குமூலத்தில் கவனக்குறைவு என்று எழுதப் பார்க்கிறீர்கள். அதில் கையெழுத்துப் போட மாட்டேன்.

அந்தப் பெட்டி என் அக்கா மகள் சுஜிதாவுடையது. அவளுக்குப் பத்து வயதில் நான் வாங்கிக் கொடுத்தது. அவள் எனக்குத்தான் என்று வீட்டில் எல்லோரும் பேசினார்கள். நானும் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன். கேட்டபோது சிரித்தாள்.

"கூட உக்காந்து கேம் ஆடுன பிள்ளை நான். உங்களைப் போயி எப்படி கட்டிக்கிட முடியும், பாண்டி மாமா?"

கோபத்தை விட அவமானம்தான் அதிகமாக இருந்தது. அக்காவும் மகள் பக்கமே பேசினாள். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் மாரிச்செல்வத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

தாய்மாமன் சீர் இல்லாமல் கல்யாணம் ஏது? பட்டும் மோதிரமும் வைத்தேன். கூடவே அந்தப் பழைய பெட்டிக்குள், டிவியில் சேர்த்துப் படம் பார்க்கிற கம்ப்யூட்டர் ஒன்றையும் கட்டி வைத்தேன். முன்பக்கம் பட்டனைச் சுற்றிப் பித்தளைத் தகடு வைத்து, அதில் மணமக்கள் பெயரைப் பொறித்தேன். உள்ளே ஒரே ஒரு ஒயரை இருக்கக் கூடாத இடத்தில் விட்டேன். தெரிந்துதான் விட்டேன்.

மாப்பிள்ளையின் அண்ணன் சங்கரபாண்டி எலக்ட்ரீஷியன். மண்டபத்தில் பெட்டியைப் புரட்டிப் பார்த்தான். ஸ்குரூவில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டான்.

"தாய்மாமன் வச்ச சீரைத் தொறந்து சோதிச்சா நல்லாவா இருக்கும், அண்ணாச்சி?"

நல்லா இருக்காது என்றேன்.

சாரல் தொடங்கிய முதல் ஞாயிறு, அவர்கள் வீட்டுக்கு நானே போய்ப் பெட்டியை டிவியில் மாட்டினேன். இருவரும் அருவியில் குளித்துவிட்டுச் சொட்டச் சொட்ட வந்தார்கள். "மாப்ள, மொதல்ல நீங்க பட்டனைப் போடுங்க" என்றேன். அவன் துண்டெடுக்க உள்ளே போனான்.

"அவுக வருத வரைக்கும் யாரு காத்துக்கிட்டு இருப்பா?" என்று சுஜிதா கையை நீட்டினாள்.

நான் தடுக்கவில்லை. பதறிப்போய் வாயடைத்துவிட்டது என்றால் நம்புவீர்கள். அப்படியெல்லாம் இல்லை. பெட்டிக்குக் கரண்ட் போகிற சுவிட்ச் என் முதுகுக்குப் பின்னால் சுவரில்தான் இருந்தது. திரும்பி அணைத்திருந்தால் போதும். தகட்டில் ஒட்டிக்கொண்ட கையை எடுக்க முடியாமல் அவள் என்னையே பார்த்தாள். அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மாரிச்செல்வம் ஓடிவந்தான். அவள் விழுகிற வரை அவனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விட்டிருந்தால் அவனும் போயிருப்பான். அவன் உயிரைக் காப்பாற்றியவன் நான், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.