நாலு விரல்

“நாலு விரலு தெரியுது பாருங்க, அதுதானுங்க எங்கூட்டுக்காரரு.”

ராசிபுரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில்தான் இந்தப் பேச்சு. வெண்ணந்தூர் நெசவுக்காரப் பெண் ஒருத்தி, பக்கத்திலிருந்தவளிடம் ஒரு போட்டோவை நீட்டினாள்.

“சேலம் பொருட்காட்சியில எங்க கடையைப் படம் புடிக்க ஒருத்தரு வந்தாருங்க. ‘சரக்கு மட்டும் போதும், நீ ஒதுங்கி நில்லு’ன்னுட்டாரு. தறிக்குப் பாவு ஓட்டி, நூலைத் தாரு சுத்தி, கடையில பாதிச் சேலை நெஞ்சது நானுங்க. உட்டுருவனா?”

“என்ன பண்ணுனீங்க?”

“அவரு காமிராவுக்கு முக்காலி நட்டறதுக்குள்ள, நடுவுல தொங்குன நல்ல சேலையை உருவி, தட்டிக்குப் பின்னால போயிக் கட்டிக்கிட்டு வந்துட்டேன். ‘அந்தச் சேலை எங்க?’ன்னாரு. ‘இங்கதானுங்க இருக்குது’ன்னு நடுவுல போயி நின்னுக்கிட்டேன். அப்படியே புடிச்சுட்டாரு.”

“அப்ப உங்கூட்டுக்காரரு?”

“பின்னால கட்டுன துணி காத்துல ஆடுச்சுங்க. ஆடாமப் புடிச்சுக்கன்னு படம் புடிக்கறவரு அவரை அதுக்குப் பொறத்தாண்ட நிறுத்திட்டாரு.”

பாதி பஸ் சிரித்தது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அந்தக் கணவர் மெதுவாகத் திரும்பினார்.

“விரலு நல்லாத்தான உளுந்திருக்குது?” என்றார்.