இறந்த நாத்தனாரின் பெயர்

எண்பதுகளின் தொடக்கம், மராட்டிய மண்ணில். போசரியிலிருந்து வந்த பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவளின் மடியில் கைக்குழந்தை, ஜன்னலோரம் அவளுடைய நாலு வயது மகள்.

"இவ தம்பிய டிரங்குப் பெட்டில போட்டு மூடிட்டாக்கா" என்றாள் இளையவள்.

"அரே பாப்ரே! கண்டிச்சு வளக்க வேணாமா?"

"எங்கக்கா கண்டிக்க? செத்துப்போன நாத்தனார் பேர இவளுக்கு வச்சிருக்கு. அந்தப் பேரச் சொல்லித் திட்ட அவரு விடமாட்டாரு."

"அப்ப செல்லந்தான் கெடுத்திருக்கு."

"சின்ன வயசுல அந்த நாத்தனாரும் அவர இப்படித்தான் பெட்டில போட்டு மூடுவாங்களாம். இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ரத்தம்டி, வேறென்ன?"

"நேத்து தாங்காம பேரச் சொல்லிக் கத்தி முதுகுல ஒண்ணு வச்சேன். அவரு ஓடியாந்து இவ கால்ல விழுந்து, 'அக்கா, எம்புள்ளைய விட்டுரு'ன்னு அழுதாருக்கா."

"இவ என்ன பண்ணா?"

"அவரு தலையத் தடவி, 'சரி, அழாத'ன்னா."

பெரியவள் கைக்குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.