அக்கா தேய்த்த கத்தி

“நீ தேய்ச்சு எடுத்தது துரு இல்லக்கா, என் ஒரு வருஷ உழைப்பு!”

தமிழே காதில் விழாத கரியாஹாட் கடைத்தெருவில், டாக்குரியா போகும் ஆட்டோவுக்கு நிற்கும் வரிசையில், எனக்கு முன்னால் இப்படி ஒரு தமிழ்க் குரல். இதை எழுதியே தீரணும் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டேன். தம்பியின் கையில் மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி, அலகு பளபளவென்று.

“கறுப்பா, திட்டுத்திட்டா கிடந்துது. இரும்பு நார் போட்டுத் தேய்ச்சேன். நன்றி சொல்லுவேன்னு பாத்தேன்டா.”

“தினம் கொய்யா, மாங்கான்னு நறுக்கி நறுக்கி நானே ஏத்தின கறுப்புக்கா அது. அது படிஞ்சா சீக்கிரம் துருப்பிடிக்காது. நாளைக்கு சால்ட் லேக்ல எங்க கத்திக் கூட்டம் அதைப் பாக்கத்தான் வருது.”

“கத்திக் கூட்டமா? மெதுவாப் பேசுடா, போலீஸ் நிக்குது!”

தம்பி சிரிக்கவில்லை. “என்னை மாதிரி ஆசைக்குக் கத்தி சேக்கறவங்கக்கா. எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். எதைக் காட்டுவேன்?”

அக்காவின் பார்வை ஓரத்துக் காய்கறிக் கடையில் நின்றது.

“டேய், வாழைப்பூ ஆய்ஞ்சா என் விரல் ரெண்டு நாளைக்குக் கறுத்தே கிடக்கு. உன் கத்தி கறுக்காதா?”

தம்பி கத்தியைப் படக்கென்று மடக்கினான். “அக்கா! எத்தனை வாங்கலாம்?”

“மூணு வாங்கு. அத்தனையும் நீதான் நறுக்கற.”

“சரி. கறுக்கலேன்னா?”

“கறுத்தாலும் கறுக்காட்டியும் உன் கூட்டத்துக்கு நாளைக்கு வாழைப்பூ வடை.”

ஆட்டோ வந்தது. இருவரும் வரிசையை விட்டுக் கடைக்கு ஓடினார்கள்.